சைலன்சரில் விழுந்த ஒடுக்கு: விடுவதா, எடுப்பதா, மாற்றுவதா?

மாசி, பங்குனியில் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றத் தொடங்கியதும், அவற்றின் உள்வாயிலும் கரையோரத்து வண்டிப் பாதைகளிலும் டர்ட் பைக் ஓட்டுகிறவர்களின் நடமாட்டம் கூடிவிடும். தண்ணீருக்கு அடியில் கிடந்த கற்களும் அப்போதுதான் தலைகாட்டும். "பெண்ட் பைப்பில் கல்லடித்து ஒடுக்கு விழுந்துவிட்டது, அப்படியே ஓட்டலாமா, எடுத்துவிடலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?" என்ற கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களும் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள். இந்த ஆண்டு ஒரே வாரத்தில் இருவர் வந்தார்கள். ஒருவருடையது பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த எக்ஸ்பல்ஸ் 200, நான்கு ஸ்ட்ரோக் பைக். மற்றவருடையது மண் பாதைக்காக மாற்றியமைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100. இரண்டிலும் ஒடுக்கின் ஆழம் ஏறத்தாழ ஒன்றுதான், கட்டைவிரல் நுனி பதிகிற அளவு. முதலாமவரிடம் அதைத் தொடவே வேண்டாம் என்றும், இரண்டாமவரிடம் இந்த வாரமே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். ஒரே ஒடுக்குக்கு இரண்டு பதில் எப்படி என்று இருவருமே சற்றுச் சந்தேகத்தோடு பார்த்ததால், என் கணக்கை முழுதாக எழுதி வைக்கிறேன்.

இஞ்சினின் புகைவாயிலிலிருந்து கீழிறங்கி வளைந்து வரும் முதல் குழாயைப் பட்டறைகளில் பெண்ட் பைப் என்றும், அதன் பின்னால் உள்ள ஒலியடக்கும் உருளையையோ, சில வேளைகளில் இரண்டையும் சேர்த்தோ சைலன்சர் என்றும் சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது இஞ்சின் வகை. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும் கணக்கிட்டு வைக்கப்பட்டவைதான் என்றாலும், வால்வுகள் திறந்து மூடுவதே காற்றின் போக்குவரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுவதால், குழாயில் விழும் சிறு ஒடுக்கு ஓட்டுகிறவருக்குத் தெரிவதேயில்லை. இரண்டு ஸ்ட்ரோக்கில் நிலைமை வேறு. அங்கே புகைவாயிலைத் திறந்து மூட வால்வு கிடையாது. கூம்பாக விரிந்து, வயிறு வைத்து, மறுபடியும் கூம்பாக ஒடுங்கும், சேம்பர் எனப்படும் புகைக்குழாய்தான் அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்கிறது. விரியும் கூம்பிலிருந்து திரும்பி வரும் அலை எரிந்த வாயுவை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. ஒடுங்கும் கூம்பிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை, தப்பி வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே சேம்பரின் வடிவம் இஞ்சினின் ஓர் உறுப்பு போன்றது. அதிலும் புகைவாயிலை ஒட்டிய குறுகிய பகுதியில் விழும் ஒடுக்குதான் அதிகம் பாதிக்கும். அகன்ற வயிற்றில் விழுந்தது அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது ஆழம். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் எப்போதும் அதிகமாகத்தான் தோன்றும். ஓர் இரும்பு ஸ்கேலைக் குழாயின் நீளவாக்கில் ஒடுக்கின் மேல் படுக்க வைத்து, ஸ்கேலுக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள தூரத்தை வெர்னியரின் பின்பக்கம் நீளும் ஊசியால் அளந்து பாருங்கள். வெளி விட்டம் 38 மி.மீ., தகட்டின் கனம் 1.2 மி.மீ. கொண்ட குழாய் என்று வைத்துக்கொண்டால், உள்ளே வாயு போகும் பரப்பு சுமார் 995 சதுர மி.மீ. அந்த இடம் 5 மி.மீ. ஆழத்துக்குத் தட்டையாக அமுங்கினால் பரப்பில் குறைவது 9 விழுக்காட்டுக்கும் உட்பட்டது. 10 மி.மீ. அமுங்கினால் 23 விழுக்காடு, 15 மி.மீ. என்றால் 40 விழுக்காடு. ஆழம் இரட்டிப்பானால் இழப்பு இரட்டிப்பைவிடக் கூடுதலாகிறது என்பதைக் கவனியுங்கள். உள்நோக்கிக் குழிந்த ஒடுக்கானால் இந்த எண்கள் இன்னும் ஏறும். நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது: நான்கு ஸ்ட்ரோக்கில் விட்டத்தின் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் விட்டுவிடலாம், கால் பங்கைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும், இடையில் இருப்பதை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

மூன்றாவது, குழாயின் உலோகம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும்: மென்னெஃகில் நன்றாக ஒட்டும், 304 ரகத் துருப்பிடிக்கா எஃகில் பெரும்பாலும் ஒட்டாது, டைட்டானியத்தில் ஒட்டவே ஒட்டாது. ஆனால் பல வண்டிகளில் வரும் 409 ரக எஃகிலும் காந்தம் ஒட்டும் என்பதால், இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. மென்னெஃகைச் சூடாக்கி வளைக்கலாம். துருப்பிடிக்கா எஃகைச் சூடாக்கினால் அந்த இடத்தில் அதன் துருவெதிர்ப்பு குறையும். டைட்டானியம் சிவக்கச் சூடானால் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

நான்காவது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகையை மட்டுப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இந்தக் குழாய் வழியில்தான் அமர்ந்திருக்கின்றன. கன்வெர்ட்டரின் உட்புறம் தேன்கூடு போன்ற மெல்லிய அறைகள். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. சுத்தியல் அடி அந்தத் தேன்கூட்டுக்கு ஆகாது.

ஐந்தாவதாக ஒன்றை எவரும் கேட்பதில்லை. பணம் போவது பெரும்பாலும் அதில்தான். அப்படியே விட்டுவிடுவதைத் தவிர வேறு எந்த வழியைத் தேர்ந்தாலும் குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றுவதென்றால் புகைவாயிலில் உள்ள இரண்டு ஸ்டட் போல்ட்டுகளின் நட்டுகளை அசைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சேற்றுத் தண்ணீர் பட்டுத் துருவேறிய ஸ்டட்டுகள் அவை. நான்கு ஸ்ட்ரோக்கில் அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கியிருப்பவை. சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் பெண்ட் பைப்பைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம் என்று, காலையில் குளிர்ந்த இஞ்சினில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். "டக்" என்ற சிறு ஓசைதான் கேட்டது. நட்டு கழன்றுவிட்டது என்று மகிழ்ந்து பார்த்தால், பாதி ஸ்டட் நட்டோடு கையில் இருந்தது. ஒடுக்கு எடுத்ததற்கு நான் கொடுத்த கூலி 500 ரூபாய். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுத்து, புது மரையாக அமரும் ஹெலிகாயில் கம்பிச்சுருளைப் போட்டதற்கு 1,800 ரூபாய். முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைத்து, மறுநாள் இஞ்சினைச் சற்றுச் சூடேற்றிவிட்டு, நட்டை ஒரே திசையில் திருகாமல் முன்னும் பின்னுமாக அசைத்திருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும். அன்று எனக்கு வழி சொன்ன டிங்கரிங் அண்ணன், "ஒடுக்கு எடுக்கிறது அரை மணி நேர வேலைதான் தம்பி, ஸ்டட்டு முழுசா வரணும்ல" என்றார். ஸ்டட் முறியும் ஆபத்தோடு சேர்த்து, நசுங்கி உட்காரும் செப்புப் பேக்கிங்கையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வழி 1: அப்படியே விட்டுவிடுவது

சோம்பலால் செய்வது என்று பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலான ஒடுக்குகளுக்கு இதுவே சரியான முடிவு. பல பைக்குகளில் பெண்ட் பைப் இரட்டைச் சுவர் கொண்டது. வெளியே தெரிவது மேலுறை மட்டுமே. மேலுறையில் ஒடுக்கு விழுந்து உட்குழாய் அப்படியே இருந்தால், இழந்தது அழகு மட்டும்தான்.

விட்டுவிடுவதற்கும் செலவு உண்டு. ஒடுக்கின் அடிப்பகுதி வட்டமாக இல்லாமல் கூரிய மடிப்பாக இருந்தால், இஞ்சின் அதிர்விலும் சூட்டிலும் அந்த மடிப்பில்தான் முதலில் விரிசல் விடும். மடிப்பின் ஓரத்தில் கறுப்பாக மயிரிழை போன்ற கரிக்கோடு தெரிந்தால் விரிசல் விட்டாயிற்று என்று பொருள். கல் குழாயைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் அது ஃபிரேமையோ இஞ்சின் உறையையோ உரசிக்கொண்டிருக்கும். ஒரு தாளை இடையில் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கல்லடியில் பூச்சு பெயர்ந்த இடத்தைத் தேய்த்துச் சூடு தாங்கும் பெயிண்ட் அடிக்காமல் விட்டால், ஐப்பசி மழைக்குள் துரு அங்கே குடியேறிவிடும்.

இரண்டு ஸ்ட்ரோக்கிலும்கூட, வயிற்றில் ஆழமில்லாத ஒடுக்கு ஒன்றிரண்டு இருந்தால் நான் விட்டுவிடுவேன். போட்டிக்குப் போகிறவர்கள் விட மாட்டார்கள். அது அவர்கள் கணக்கு.

வழி 2: கம்பி பற்றவைத்து இழுப்பது

காரின் கதவில் விழுந்த ஒடுக்கை எடுக்கும் அதே உத்தி: பள்ளத்தின் நடுவில் ஒரு கம்பியையோ வாஷரையோ பற்றவைத்து, சறுக்குச் சுத்தியலை மாட்டி வெளியே இழுப்பது, பிறகு கம்பியை அறுத்துக் கிரைண்டரால் தேய்ப்பது. டிங்கரிங் கடைகள் எல்லாவற்றிலும் இதற்கான கருவி இருப்பதால் முதலில் நமக்குச் சொல்லப்படுவதும் இதுதான். ஆழமில்லாத, அகன்ற, வழவழப்பான பள்ளத்துக்கு, அதுவும் சேம்பரின் வயிறு போன்ற பெரிய பரப்புக்கு இது பொருந்தும்.

பெண்ட் பைப்புக்கு இதை நான் சொல்வதில்லை. 1.2 மி.மீ. தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் பொத்தலிட்டுவிடும். பொத்தலை அடைக்க மேலும் வெல்டிங், அதைச் சமன் செய்ய மேலும் கிரைண்டிங் என்று போய், கடைசியில் ஒடுக்கு இருந்த இடம் மெலிந்து காகிதம்போல் ஆகிவிடும். சிறு குழாயின் வளைவு வலுவானது என்பதால், நடுவில் இழுக்கும்போது நடு மட்டும் கூம்பாக எழும்பி, ஓரங்கள் பள்ளமாகவே நின்றுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: "கழற்ற வேண்டாம், வண்டியிலேயே வைத்து இழுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். மின்கணினியும் சென்சார்களும் உள்ள வண்டியில் வெல்டிங் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒடுக்கைவிடப் பலமடங்கு விலையுள்ள அந்த மின்கணினி (இசியு) அதில் போகலாம்.

வழி 3: காற்றடைத்துச் சூடாக்கி எழுப்புவது

செம்புக் குடத்தின் ஒடுக்கை உள்ளிருந்து தட்டி எடுப்பார்கள். வளைந்த குழாய்க்குள் கை போகாது, சுத்தியல் போகாது. ஆகவே காற்றையே உள்ளே அனுப்பித் தள்ள வைக்கும் உத்தி இது. குழாயின் இரு முனைகளையும் அடைத்து, ஓர் அடைப்பில் டியூப் வால்வைப் பொருத்தி, கம்பிரஸரிலிருந்து காற்றை ஏற்றி, ஒடுக்கு உள்ள இடத்தை மட்டும் கேஸ் வெல்டிங் சுடரால் சிவக்கச் செய்கிறார்கள். இது வேலை செய்யக் காரணம் எஃகின் இயல்பு: குளிர்ந்த நிலையில் அதற்குள்ள நெகிழ்வெதிர்ப்பு 600 டிகிரி செல்சியஸில் ஏறக்குறையப் பாதியாகவும், 800 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைந்துவிடுகிறது. சூடான இடம் மட்டும் இளக, மற்ற இடம் உறுதியாக நிற்க, காற்று இளகிய இடத்தைத் தேடித் தள்ளுகிறது.

நான் அருகில் நின்று பார்த்த வேலையில், காற்றை டயருக்கு அடிக்கும் அளவான 30 பிஎஸ்ஐயில் தொடங்கிச் சிறிது சிறிதாகத்தான் ஏற்றினார்கள். சுடரை நேராக நடுவில் காட்டவில்லை. ஒடுக்கின் விளிம்பைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டே உள்நோக்கி வந்தார் கேஸ் வெல்டர். குழாய் முதலில் கருத்தது, பிறகு நீலம் பாய்ந்தது, பிறகு மங்கிய சிவப்பு ஏறியது. அதுவரை ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு செம்பருத்தி நிறத்துக்குத் தெளிந்தபோது விளிம்பு மெல்ல நகர்ந்தது. அடுத்த இரண்டு நொடியில் பள்ளம் முழுவதும், இட்லி உப்புவதுபோல் எழும்பி வந்தது. அந்தக் கணத்தில் சுடரை விலக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் ஒடுக்கு போய் வீக்கம் வந்துவிடும். வீங்கிய தகடு மெலிந்த தகடு.

மென்னெஃகால் ஆன இரண்டு ஸ்ட்ரோக் சேம்பருக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, மூல வடிவம் ஏறத்தாழ முழுதாகத் திரும்புகிறது. ஆனால் மறைந்த செலவுகளும் ஆபத்துகளும் இதில்தான் அதிகம்.

அடைத்த காற்று சுருட்டி வைத்த ஸ்பிரிங் போன்றது. அடைப்பு நழுவினால் அது எதிரில் நிற்பவர் மேல் குண்டாகப் பாயும். ரப்பர் அடைப்பு சூட்டில் இளகும் என்பதால், அதைப் பட்டையாலோ சங்கிலியாலோ கட்டி வைக்காமலும், அழுத்தமானியும் ரெகுலேட்டரும் இல்லாமலும் இந்த வேலையைச் செய்கிற இடத்திலிருந்து குழாயைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. இரண்டு ஸ்ட்ரோக் குழாயின் உட்புறம் எரியாத எண்ணெயும் கரியும் அப்பிக் கிடக்கும். அடைத்த குழாய்க்குள் காற்றும் எண்ணெயும் சுடரும் சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னதாகக் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி ஊற வைத்து, நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகே சுடர் காட்ட வேண்டும். அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குரோம் பூசிய குழாய் என்றால், சூடுபட்ட இடத்தில் பூச்சு நிறம் மாறி உரிந்துவிடும். மறுபடி முலாம் பூசும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டாகப் பற்றவைத்து வரும் வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது. தண்ணீர் வடியும் துளையும் உள் அறைகளும் கொண்ட சைலன்சரில் காற்று நிற்காது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் சுடர் காட்டுவதும் கூடாது.

காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி அழுத்தினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, ஏனெனில் தண்ணீர் அநேகமாகச் சுருங்குவதில்லை. அடைப்பு நழுவினால் சிறிது பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும், வெடிக்காது. ஆனால் தண்ணீர் நிறைந்த குழாயைச் சிவக்க வைக்க முடியாது. குளிர்ந்த நிலையிலேயே தள்ள வேண்டும். 110 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தகடும் உள்ள வயிற்றுப் பகுதி நிரந்தரமாக நெகிழச் சுமார் 45 பார் அழுத்தம் போதும், 38 மி.மீ. பெண்ட் பைப்புக்கோ சுமார் 160 பார் வேண்டும். ஒடுக்கு அதற்கு முன்பே அசையத் தொடங்கும் என்றாலும், பிளம்பர்கள் குழாய் இணைப்பைச் சோதிக்கும் கைப் பம்ப் பெரும்பாலும் 50 பார் வரைதான் போகும் என்பதால், வயிற்று ஒடுக்குக்கு அது உதவும், பெண்ட் பைப்புக்கு உதவாது. தண்ணீரை நிரப்பி ஃப்ரீஸரில் வைத்து உறைய விடுவதும் இதே இனம். உறையும்போது தண்ணீர் சுமார் 9 விழுக்காடு விரிவது உண்மை. ஆனால் அது ஒடுக்கு எது, வெல்டிங் மடிப்பு எது என்று பார்த்து விரிவதில்லை. சேம்பரை வைக்கும் அளவு ஃப்ரீஸர் மதுரையில் கறிக்கடையிலும் ஐஸ்கிரீம் கடையிலும்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

வழி 4: வெட்டி எடுத்துப் பற்றவைப்பது

ஒடுக்கின் அருகில் மெல்லிய டிஸ்க்கால் குழாயை அறுத்து, திறந்த வாய் வழியாக, தட்டும்போது தாங்கலாக நிற்கும் டாலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்துத் தட்டி வட்டமாக்கி, மறுபடியும் இணைப்பது ஒரு முறை. ஒடுங்கிய பகுதியை முழுவதும் நீக்கிவிட்டு அதே விட்டமுள்ள புதுத் துண்டை வைப்பது இன்னொரு முறை. கூரிய மடிப்பு, விரிசல், ஓட்டை, கால் பங்குக்கு மேல் அமுங்கிய ஆழம் ஆகியவற்றுக்கும், துருப்பிடிக்கா எஃகுக் குழாய்களுக்கும் இதுதான் வழி.

இங்கே எல்லாம் வெல்டரின் கையில் இருக்கிறது. ஆர்கான் வெல்டிங்தான் வேண்டும். துருப்பிடிக்கா எஃகு என்றால் குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கான் விட்டுப் பற்றவைக்கச் சொல்ல வேண்டும், இல்லையெனில் உள்பக்கம் கரிந்து சொரசொரப்பாகி அங்கிருந்தே விரிசல் தொடங்கும். உள்ளே வழிந்து நிற்கும் வெல்டிங் விளிம்பும் ஒருவகை ஒடுக்குதான் என்பதை மறந்துவிடக் கூடாது. மதுரையில் கே.புதூர், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைகளின் பக்கம் விசாரித்தால் மெல்லிய குழாயில் கை பழகியவர்கள் கிடைப்பார்கள். கேட்டும் கிரில்லும் பற்றவைக்கும் தெருமுனைப் பட்டறை இதற்கு ஆகாது.

இதன் மறைந்த செலவு, கோணம். அறுத்து இணைத்ததில் ஒரு டிகிரி பிசகினாலும், மறுமுனையில் சைலன்சரைத் தாங்கும் போல்ட் துளை விலகிப்போகும். நெம்பி மாட்டிவிட்டால் அந்த இழுவை முழுவதும் புகைவாயில் ஸ்டட்டுகளின் மேல் ஏறும். குழாயை வண்டியில் பொருத்தி, மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு கழற்றி அறுத்து, அந்தக் கோடுகள் சேரும்படி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

வழி 5: மாற்றிவிடுவது

நிறுவனத்தின் அசல் பாகம் என்றால் பொருத்தம், சத்தம், புகை எல்லாவற்றிலும் கவலை இல்லை. கன்வெர்ட்டரோடு சேர்ந்து வருவதால் விலைதான் கடிக்கும். விலை கேட்கும்போது பேக்கிங், ஸ்டட், நட்டு, கவசத் தகடு, சென்சார் ஆகியவற்றில் எவை உடன் வருகின்றன, எவை தனி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பழைய பாகம் வாங்குகிறவர்கள் அதைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கலகலவென்றால் தேன்கூடு உடைந்திருக்கிறது. எந்த ஓசையும் இல்லாமல், விளக்கடித்துப் பார்த்தால் மறுபுறம் வரை வெறுங்குழாயாகத் தெரிந்தால், உள்ளே இருந்ததை யாரோ ஏற்கெனவே எடுத்து விற்றுவிட்டார்கள்.

வெளிச் சந்தைக் குழாய் பார்க்க அழகு, எடை குறைவு, கோவையிலிருந்து பார்சலில் மறுநாளே வந்துவிடும். ஆனால் சாலையில் ஓடும் பதிவு பெற்ற வண்டியில் கன்வெர்ட்டர் இல்லாத, சத்தம் மிகுந்த குழாயை மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை வரும். கண்மாய்க்குள் ஓட்டத்தான் வாங்கினேன் என்றாலும், கண்மாய் வரை சாலையில்தானே போக வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளுக்கு இந்த வழியே குறுகியது. அதன் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டதால், சந்தையில் உள்ளவை பெரும்பாலும் நகல்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும். கூம்பின் அளவு ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு ஸ்ட்ரோக்கில் விலை போவதே அந்த அளவுக்குத்தான்.

ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் இடம் | பொருந்தாத இடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| விட்டுவிடுவது | நான்கு ஸ்ட்ரோக், வட்டமான ஆழமற்ற ஒடுக்கு, இரட்டைச் சுவர்க் குழாய் | கூரிய மடிப்பு, இரண்டு ஸ்ட்ரோக்கின் புகைவாயில் பகுதி | துரு, பின்னாளில் விரிசல் |
| கம்பி வைத்து இழுப்பது | சேம்பரின் அகன்ற வயிறு | பெண்ட் பைப், வண்டியில் மாட்டிய நிலையில் உள்ள எதுவும் | பொத்தல், தகடு மெலிவது |
| காற்றும் சூடும் | மென்னெஃகு சேம்பர், தனியாகக் கழலும் பெண்ட் பைப் | டைட்டானியம், கன்வெர்ட்டர் அருகில், ஒரே துண்டுச் சைலன்சர் | உட்புறச் சுத்தம், குரோம் இழப்பு, வெடிக்கும் ஆபத்து |
| வெட்டிப் பற்றவைப்பது | ஆழமான மடிப்பு, ஓட்டை, துருப்பிடிக்கா எஃகு | கன்வெர்ட்டர் உள்ள பகுதி | கோணப் பிசகு, உள்வழியும் வெல்டிங் |
| மாற்றுவது | கன்வெர்ட்டர் அடிபட்டது, பல இடங்களில் நசுங்கியது | அசல் கிடைக்காத பழைய வண்டி | உதிரிப் பாகங்கள், நகல், அபராதம் |

அந்த இருவர்

எக்ஸ்பல்ஸ்காரரின் ஒடுக்கு 5 மி.மீ.; அடி வட்டமானது; கன்வெர்ட்டரிலிருந்து விலகி இருந்தது; எதையும் உரசவில்லை. கழற்றினால் ஸ்டட்டுக்கு ஆபத்து, கழற்றி எடுத்தாலும் ஓட்டத்தில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. ஒடுக்கு எடுக்க வைத்திருந்த பணத்தை, இஞ்சினின் அடியோடு முன்பக்கம் குழாயையும் மூடி வரும் நல்ல பாஷ் பிளேட் என்ற கவசத் தகட்டில் போடச் சொன்னேன். அடுத்த கல் அதே இடத்தில்தான் அடிக்கும்.

ஆர்எக்ஸ்காரருக்கு, பட்டறையில் கூம்பு கூம்பாக வளைத்துச் செய்த மென்னெஃகு சேம்பர். ஒடுக்கு புகைவாயிலிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, குழாய் மிகக் குறுகலாக உள்ள இடத்தில். நடு வேகத்தில் இழுவை குறைந்துவிட்டது என்பதை அவரே கவனித்திருந்தார். குரோம் இல்லை, கன்வெர்ட்டர் இல்லை, சென்சார் இல்லை, குழாய் தனியாகக் கழலும்; மூன்றாவது வழிக்கு இதைவிடத் தோதான குழாய் கிடைக்காது. காஸ்டிக் சோடாவில் ஒரு நாள் ஊற வைத்துக் கழுவிய பிறகு எடுத்துச் சென்றார். விளிம்பில் ஒரு மெல்லிய அலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தடவினால்தான் தெரியும்.

மாட்டிய பிறகு

எந்த வழியில் சரி செய்திருந்தாலும், புதுப் பேக்கிங்கை வைத்துப் புகைவாயில் நட்டுகளை முதலில் கையால் மட்டும் ஏற்றி, சைலன்சரின் தாங்கு போல்ட்டையும் தளர்வாகப் பொருத்திவிட்டு, குழாய் தானாக உட்கார்ந்த பின் புகைவாயில் நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். தாங்கு போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். இஞ்சினை ஓட விட்டு, குழாய் சூடேறும் முன்பே இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசிவு உள்ள இடத்தில் நுரை கொப்பளிக்கும். அந்தச் சிறு கசிவை அலட்சியப்படுத்தினால், ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் "பட் பட்" என்று வெடிக்கும். சென்சார் உள்ள வண்டியில் வெளிக்காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைவு என்று இசியு தவறாக எண்ணிக்கொண்டு கூடுதலாக ஊற்றும், மைலேஜ் இறங்கும். முதல் முறை நன்றாகச் சூடாகி முழுவதும் ஆறிய பின் நட்டுகள் ஒரு கால் திருகு தளர்ந்திருக்கும். அவற்றை அப்போது ஒரு முறை பார்த்து இறுக்கிவிட்டு, அதன் பிறகு கண்மாய்க்குள் இறங்கலாம்.